காரணம் என்ற கட்டம்

புதன்கிழமைகளில் குழு கூடும்.
ஐந்து ஆண்கள், ஒரு காபிக் கூஜா, ஏலக்காய் ரொட்டி.
ஆஸ்லோவில் மூன்றரை மணிக்கே ஜன்னல் இருட்டிவிடும்.
மேசை ஓரத்தில் நானும் தட்டச்சு இயந்திரமும்.

உலகத்தின் அடியிலுள்ள மலைகள்
புகைப்படங்களாக வந்து மேசையில் பரவும்,
விமானத்திலிருந்து எடுத்தவை.
வெள்ளையில் கறுப்புத் துணுக்குகள்,
பாலில் விழுந்த மிளகு போல.
மிளகு ஒன்றுக்கு ஒரு பச்சை அட்டை:
பெயர். அட்சம். தீர்க்கம். கண்டவர். காரணம்.

காரணம்தான் கஷ்டம்.

அறுபது கிலோமீட்டர் பனியாறு
கப்பலுக்கு நிலக்கரி வாங்கித் தந்த வங்கிக்காரருக்கு.
அவர் ஜலதோஷத்துக்குப் பயந்து
பிப்ரவரியில் வாசலைத் தாண்டாதவர்.
கிளையாறு அவர் மனைவிக்கு.
மூன்று விரல்களைக் குளிருக்குக் கொடுத்த
மெக்கானிக் தூரே ஹெக்லாண்டுக்கு
விரல் நீளத்தில் ஒரு பாறை.
சீல் ஈரலைப் பதினான்கு மாதம்
அலுக்காமல் பொரித்துப் போட்ட ஓலுஃப் மோயனுக்கு
இன்னும் ஒன்றுமில்லை. 'பரிசீலனையில்.'

ஒரு சார்டின் டப்பாவுக்காக
இரண்டு பேர் பதினோரு நாள்
ஒரே கூடாரத்தில் முதுகு காட்டிக் கிடந்த இடம்
வரைபடத்தில் மௌனக் கணவாய்.
காரணம்: நிலக்காட்சியின் அமைதி.

நாய்களின் பெயர் கூடாது. விதி ஏழு.
ஆனாலும் அளவையாளர் ஈவார் ஸ்க்ரெடே
'பி. ராகெ, துணை அளவையாளர்' என்று எழுதி நீட்டினார்.
எங்கே பயின்றவர் என்றார் தலைவர்.
"பெரும்பாலும் வெளியில்தான், ஐயா."
ராகெ முகடு நிறைவேறியது.
நான் சிரிக்காமல் அடித்தேன்.

அங்கே யாருமில்லை.
பேர் வைத்தாயே, சோறு வைத்தாயா என்று கேட்க
ஒரு பென்குவின்கூட அவ்வளவு உள்ளே வராது.

ஒரு புதன், எல்லாம் முடிந்தபின்
ஒரு மிளகு மிஞ்சியது.
ஸ்க்ரெடே என்னைப் பார்க்காமல் சொன்னார்:
"டாக்னி வெஸ்ட்பிக்குக் கொடுக்கலாமே."
நாலுக்கு ஒன்று.
காரணம்: பிழையின்றித் தட்டச்சு செய்பவர்.
அந்த அட்டையில்தான்,
என் பெயரில்தான்,
முதன்முதலாக ஓர் எழுத்தை மாற்றி அடித்தேன்.

யாரிடமும் சொல்லவில்லை.
டிராமில், நனைந்த கம்பளிக் கோட்டுகளுக்கு நடுவே,
எனக்கு ஆயிரத்து நானூறு மீட்டர் உயரம்.
பேர் சொல்ல ஒரு பிள்ளையில்லையே என்று
அக்கா அனுதாபப்பட்டபோது
அவளுக்கு இன்னொரு கரண்டி உருளைக்கிழங்கு வைத்தேன்.
சில இரவுகளில்
காற்று மோத நான் நகராமல் இருந்தேன்.

ஒன்பது வருடம்.
புதிய விமானம், புதிய படங்கள்.
அதே அட்சம், அதே தீர்க்கம்.
ஸ்க்ரெடே பூதக்கண்ணாடியை
வெகுநேரம் எடுக்கவில்லை.
அவர் காபியில் ஆடை படிந்தது.

மேக நிழல்.
அந்த ஜனவரியின் ஒரு காலையில்
பனியின்மேல் ஒரு மேகம் சற்றே நின்றிருக்கிறது,
படம் எடுக்கும் நேரம் வரை.
அதன் நிழலுக்கு என் பெயர்.

நீக்க அட்டை சிவப்பு.
பெயர்: வெஸ்ட்பி பாறை.
காரணம்: இடம் இல்லை.
பிழையில்லாமல் வந்தது.

தலைவர் தொண்டையைச் செருமினார்.
"கிழக்கே ஒன்று இருக்கிறது, செல்வி வெஸ்ட்பி.
நிச்சயமான பாறை. நம் ஆட்கள் ஏறியிருக்கிறார்கள்."

வேண்டாம் என்றேன்.
எதையோ இழந்தவளாக என்னை அவர்கள் பார்த்தார்கள்.
எனக்கோ அந்த மேகம் எந்தப் பக்கம் போயிருக்கும்,
மதியத்துக்குள் கரைந்திருக்குமா என்றுதான்.

ரொட்டித் துணுக்குகளைத் தட்டிவிட்டு
புதிய பச்சை அட்டையை உருளையில் ஏற்றினேன்.
மோயன் பாறை.
கண்டவர், அட்சம், தீர்க்கம்.
காரணம் என்ற கட்டத்தில்
யாரையும் கேட்காமல்
'ஈரல்' என்று அடித்தேன்.

ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டார்கள்.